இருபத்தேழு வளைவும் ஒரு மீட்டரும்

சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் ஏலம் நடக்கும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். மல்லியும் முல்லையும் காக்கடாவும் கூடை கூடையாக வந்து இறங்கும். கூடையைத் தராசில் வைத்ததும் சிவப்பு எண்கள் கொஞ்சம் தத்தளித்துவிட்டு ஓரிடத்தில் நிற்கும். பூ கொண்டுவந்தவரின் கண் அதுவரை பூவில் இருக்காது, அந்த எண்ணில்தான் இருக்கும்.

அந்தத் தராசுத் தட்டுக்குக் கீழே ஓர் அலுமினியக் கட்டை உண்டு. அதன்மேல் தபால்தலையைவிடச் சிறிய ஒரு படலத்தை ஒட்டியிருப்பார்கள். படலத்துக்குள் மிக மெல்லிய உலோகக் கம்பி மடிப்பு மடிப்பாக ஓடுகிறது. கூடையின் கனத்தில் கட்டை வளையும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனாலும் வளையும். கூடவே கம்பியும் நீளும். நீண்ட கம்பி இளைக்கும், இளைத்த கம்பியில் மின்தடை ஏறும். அந்த ஏற்றத்தை அளந்து கிலோவாக மாற்றிக் காட்டுவதுதான் தராசின் வேலை. 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் ஒருவரையொருவர் அறியாமலே கண்டுபிடித்த பொருள் இது. பெயர் ஸ்ட்ரெயின் கேஜ்.

என் அக்கா மகன் போன வருடம் தன் ரேஸ் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வந்த பவர் மீட்டருக்குள் இருப்பதும் இதே படலம்தான். பெடலை மிதிக்கும்போது அதைத் தாங்கும் கிராங்க் துளி வளைகிறது, கம்பி நீள்கிறது, ஹேண்டில்பாரில் இருக்கும் சின்னத் திரையில் "212" என்று ஓர் எண் வருகிறது. பல பத்தாயிரம் ரூபாய் செலவு. வாங்கி முடித்த பிறகுதான் என்னிடம் கேட்டான்: "மாமா, இதை மாட்டிட்டா ரேஸ்ல முன்னாடி வந்தறலாமுங்ளா?"

வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனாலும் நல்ல கேள்வி.

அந்த 212 என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். அது வாட். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிணற்று மோட்டாரை எச்.பி. சொல்லியே வாங்கிப் பழகியவர்கள் நாம். ஒரு எச்.பி. என்பது 746 வாட். தோட்டத்தில் ஓடும் 5 எச்.பி. மோட்டாரின் திறன் 3,730 வாட். மோட்டார் வருவதற்கு முன் கவலை ஓட்டிய காலத்தில் இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி நடக்க, கிணற்றிலிருந்து சால் மேலே வரும். மாடு எவ்வளவு பலமாக இழுக்கிறது, எவ்வளவு வேகமாக நடக்கிறது என்ற இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது திறன். பலமான மாடு அசைந்து அசைந்து நடந்தாலும், சோப்ளாங்கி மாடு ஓடினாலும் வயலுக்குப் பாயும் தண்ணீர் ஒன்றாக இருக்கலாம். சைக்கிளிலும் அதே கணக்குதான்: மிதிக்கும் முறுக்குவிசையை பெடல் சுற்றும் வேகத்தால் பெருக்கினால் வாட்.

நன்றாகப் பழகிய ஓர் உள்ளூர் வீரர் ஒரு மணி நேரம் இடைவிடாமல் 250 வாட் தருவார். அதாவது ஒரு எச்.பி.யில் மூன்றில் ஒரு பங்கு. 200 வாட்டில் ஐந்து மணி நேரம் மிதித்தால் ஒரு யூனிட் கரண்ட். மின்வாரியம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நூறு யூனிட் இலவசமாகத் தருகிறதே, அதை மிதித்தே ஈடுகட்ட வேண்டுமானால் 500 மணி நேரம் ஆகும். ஞாயிறு விடுமுறைகூட இல்லாமல் தினமும் எட்டு மணி நேரத்துக்கு மேல். மனித உடம்பு எவ்வளவு சின்ன மோட்டார் என்று இப்போது புரிந்திருக்கும்.

இந்த மீட்டரைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் உல்ரிக் ஷோபரர் என்ற பொறியாளர், 1986இல். அவர் பெயரையே தாங்கிய எஸ்.ஆர்.எம். கருவியை 1990களின் தொடக்கத்தில் டூர் டி பிரான்ஸ் சாம்பியன் கிரெக் லெமாண்ட் மாட்டிக்கொண்டு ஓட்டினார். அன்று அது சில பணக்கார அணிகளின் ரகசியம். இன்று கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை சத்தி ரோட்டில் வரும் கும்பலில் நாலு பேரிடமாவது இருக்கும்.

தராசுக்கு இருக்கிற நோய்கள் இதற்கும் உண்டு. பூக்கடைக்காரர் காலையில் வெறும் தட்டைப் பார்த்து "பூஜ்யம் வருதா" என்று சரிபார்ப்பது போல, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இதையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். உலோகம் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். மலையடிவாரத்துப் பண்ணாரியின் புழுக்கத்தில் பூஜ்யம் வைத்த மீட்டர், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் திம்பத்தின் குளிரில் கொஞ்சம் பொய் சொல்லலாம். நல்ல கருவிகள் வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்கின்றன. அப்படியும் ஒன்றிரண்டு சதவீதம் பிசகும். விலை குறைந்த சில மீட்டர்கள் இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டும். வலது கால் சோம்பேறியாக இருந்தால் மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. அக்கா மகனுடையது அந்த ரகம்தான். இதை நான் அவனிடம் சொன்னபோது அவன் முகம் போன போக்கை எழுதாமல் விடுகிறேன்.

இனி அவன் கேள்விக்கு வருவோம். மீட்டர் வைத்துப் பயிற்சி செய்தால் ரேஸில் வேகம் கூடுமா? இதை நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. 2009இல் தென்னாப்பிரிக்காவில் ஜெரோன் ஸ்வார்ட் குழுவினர் நன்கு பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களைப் பிரித்தார்கள். ஒரு குழு வாட்டைப் பார்த்துக் கடும் பயிற்சி செய்தது, இன்னொரு குழு இதயத் துடிப்பைப் பார்த்து அதே பயிற்சியைச் செய்தது, மூன்றாவது குழு இதில் எதையும் செய்யவில்லை. நான்கு வாரத்தில் எட்டுக் கடும் பயிற்சிகள். முடிவில் முதல் இரண்டு குழுவும் 40 கிலோமீட்டர் நேர ஓட்டத்தில், அதாவது தனியாளாகக் கடிகாரத்தோடு போட்டி போடும் ஓட்டத்தில், முன்னேறின. இரண்டுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. 2011இல் வேறொரு குழு, பொழுதுபோக்குக்காக ஓட்டுபவர்களை வைத்து இதே கேள்வியைக் கேட்டது. அங்கும் வாட் மீட்டர் மேலானது என்று சொல்லச் சான்று கிடைக்கவில்லை.

விலை உயர்ந்த மீட்டரும் துடிப்பை அளக்க நெஞ்சில் கட்டும் பட்டையும் சமம் என்று வந்தால், வாங்கியவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் யோசித்தால் இதில் வியப்பில்லை. தொடைத் தசைக்குள் புதிய ரத்த நுண்குழாய்கள் முளைப்பதும், இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடுவதும் கடும் உழைப்புக்கும் ஓய்வுக்கும் உடம்பு சொல்லும் பதில். நான்கு நிமிடம் மூச்சு முட்ட மிதித்தால் அந்தப் பதில் வரும்; அந்த நான்கு நிமிடத்தை எந்த எண்ணைப் பார்த்து மிதித்தோம் என்பது தசைக்குத் தெரியாது.

அதற்காக ஆய்வு சொன்னதே கடைசி வார்த்தை என்று எடுத்துக்கொள்ளவும் நான் தயாரில்லை. இருபது பேர், நான்கைந்து வாரம், பக்கத்தில் ஆய்வாளர்கள். அந்தச் சூழலில் யாரும் ஏமாற்ற முடியாது, யாரும் பயிற்சியைத் தவறவிட மாட்டார்கள். நம்மூர் வீரனின் கதை வேறு. எளிதாக ஓட்ட வேண்டிய நாளில் முன்னால் போகும் ஒருவனைத் துரத்திக் களைத்துப்போவான். கடினமாக ஓட்ட வேண்டிய நாளில் கால் வலிக்கிறது என்று பாதியில் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவான். வருடக் கணக்கில் இப்படி நடப்பதை மீட்டர் எழுதி வைத்துக்கொள்ளும். நாலு வார ஆய்வு அதை அளக்கவே இல்லை.

இதயத் துடிப்புக்கும் சில குறைகள் உண்டு. திடீரென்று முழு வேகத்தில் மிதித்தால் துடிப்பு அந்த உயரத்தை எட்ட ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். முப்பது விநாடிப் பாய்ச்சலில் அது ஏறி வருவதற்குள் பாய்ச்சலே முடிந்திருக்கும். சித்திரை வெயிலில் அதே வேகத்துக்குப் பத்துப் பதினைந்து துடிப்பு கூடுதலாகக் காட்டும். தண்ணீர் குடிக்காவிட்டால் கூடும், ராத்திரி தூக்கம் கெட்டாலும் மாறும். வாட் அப்படி இல்லை. மிதித்த நொடியில் எண் வந்துவிடும், பூஜ்யம் சரியாக இருந்தால் வெயிலோ மழையோ 200 வாட் 200 வாட்தான். செய்த வேலையைச் சொல்வது வாட். அந்த வேலைக்கு உடம்பு கொடுத்த விலையைச் சொல்வது துடிப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவனுக்குத்தான் லாபம்.

பண்ணாரி சோதனைச் சாவடியைத் தாண்டியதும் திம்பத்துக்கு ஏறும் மலைப்பாதை தொடங்குகிறது. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. சரக்கு லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும், தடுப்புச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மீட்டர் மாட்டிய முதல் வாரம் அக்கா மகன் இங்கேதான் போனான். கால் புதிதாக இருந்தது, காலைக் காற்று குளிர்ந்திருந்தது, திரையில் 300 வாட் தெரிந்தது. 300ஐப் பார்த்த சந்தோஷத்தில் அதைக் கீழே விடவே அவனுக்கு மனமில்லை. பதினேழாவது வளைவில் சைக்கிளை விட்டு இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். குரங்கு ஒன்று பக்கத்தில் வந்து அவன் பையைப் பார்த்திருக்கிறது.

நடந்தது என்ன என்பதற்கு வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். போர் மோட்டார் நிமிடத்துக்கு இவ்வளவு என்று தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்குள்ளாகச் செலவழித்தால் தொட்டி காலியாகாது. அதற்கு மேல் குழாயைத் திறந்தால் தொட்டியில் சேர்ந்திருக்கும் இருப்பு கரையும். 1965இல் மோனோ, ஷெரர் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் தசையைப் பற்றிச் சொன்னது இதைத்தான். உயிர்வாயுவின் உதவியோடு நீண்ட நேரம் தரக்கூடிய திறனுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் போனால் செலவாவது அளவான ஒரு சேமிப்பு. ஒருவரின் எல்லை 240 வாட், சேமிப்பு 18,000 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். அவர் 300 வாட்டில் ஏறினால் விநாடிக்கு 60 ஜூல் வீதம் கரைந்து ஐந்தே நிமிடத்தில் தொட்டி காலி. 260இல் ஏறினால் பதினைந்து நிமிடம் தாங்கும். 240ஐ ஒட்டிப் போனால் உச்சிவரை போகலாம், கடைசி இரண்டு வளைவுக்குச் சேமிப்பு மிச்சம் இருக்கும்.

மீட்டர் உண்மையில் சோறு போடும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஏற்றத்தின் முதல் பத்து நிமிடத்தில் உடம்பு சொல்வது எல்லாமே பொய். "இன்னும் போகலாம், இன்னும் போகலாம்" என்று அது சொல்லும். துடிப்பும் இன்னும் ஏறி முடிந்திருக்காது. அப்போது "ஏப்பா, மெதுவா" என்று சொல்ல அந்த எண் ஒன்றுதான் இருக்கிறது. தனியாளாக ஓடும் நேர ஓட்டத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். 2016இல் தோஹாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்காக ஓடிய நவீன் ஜான் இந்தப் பிரிவின் வீரர். முன்னால் காற்றைத் தடுக்க யாரும் இல்லாத அந்த ஓட்டத்தில் மூச்சை எங்கே செலவழிப்பது என்பதுதான் முழு ஆட்டமும்.

கூட்டமாக ஓடும் ரேஸில் கதை மாறிவிடும். அங்கே முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் காற்றோடு மல்லுக்கட்டும் வேலையில் பெரும்பங்கு மிச்சம். அதிக வாட் தந்தவர் தோற்பதும் குறைவாகத் தந்தவர் ஜெயிப்பதும் சர்வசாதாரணம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 25 அன்று, பெண்களுக்கான சாலைப் போட்டியில் நடந்ததை இன்றும் சைக்கிள்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாதவர், தன் பயிற்சியைத் தானே கணக்குப் போட்டுக்கொண்டவர். கொடி அசைந்த உடனே தப்பித்து ஓடினார். ஒலிம்பிக்கில் அணிகளுக்கு வானொலித் தொடர்பு கிடையாது. பின்னால் இருந்த பலம் வாய்ந்த நெதர்லாந்து அணிக்கு அவர் முன்னால் இருப்பதே தெரியாமல் போனது. ஆன்மீக் வான் ஃப்ளூட்டன் எல்லையைக் கடக்கும்போது தங்கம் தனக்குத்தான் என்று கைகளை உயர்த்தினார். அவர் இரண்டாவது. கீசன்ஹோஃபர் ஒரு நிமிடத்துக்கு மேல் முன்பே வந்து சேர்ந்து தரையில் படுத்திருந்தார். முன்னால் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்பதை எந்த பவர் மீட்டரும் காட்டாது.

மீட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. சத்தியமங்கலத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

ஏற்றத்தில் நம் எதிரி புவியீர்ப்பு. அது நேர்மையான எதிரி, அதன் கணக்கு மாறாது. ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 10 கிலோ என்றால் 75 கிலோவை 100 மீட்டர் உயரம் தூக்க 73,575 ஜூல் வேண்டும். அதை ஆறு நிமிடத்தில் செய்தால், 360 விநாடியால் வகுக்க, 204 வாட். டயர் உராய்வு, கொஞ்சம் காற்று, சங்கிலியில் போகும் நஷ்டம் எல்லாம் சேர்த்தால் ஆறு சதவீதச் சரிவில் சுமார் 245 வாட் வரும். ஆக, மொத்த உழைப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெறும் உயரத்துக்கே போகிறது. எடை தெரியும், உயரம் தெரியும், நேரத்தைக் கைக்கடிகாரம் சொல்லும்; வாட் தானாக வந்துவிடும். திம்பம் மலைப்பாதையே ஒரு பவர் மீட்டர்! வனத்துறையோ நெடுஞ்சாலைத் துறையோ வேறு காரணத்துக்காக நட்டு வைத்த 27 எண் பலகைகள் அதற்கு அளவுகோடுகள். ஒன்பதாவது வளைவுக்கு எத்தனை நிமிடம், பதினெட்டாவதுக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால், எங்கே அவசரப்பட்டோம், எங்கே தளர்ந்தோம் என்பது தெரிந்துவிடும். பயிற்சி பலிக்கிறதா என்று பார்க்க அடுத்த மாதம் அதே பாதையில் மறுபடி ஏறினால் போதும்.

இந்தத் தந்திரம் சமதளத்தில் பலிக்காது. சத்தியிலிருந்து கோபி போகும் ரோட்டில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்று தின்றுவிடும். வேகம் இரட்டிப்பானால் காற்றை எதிர்க்கத் தேவையான திறன் எட்டு மடங்காகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் போகும்போது 40 கிலோமீட்டர் வேகமும் திரும்பும்போது 25ம் வரும். இரண்டுக்கும் ஒரே உழைப்புதான். வேகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாத இந்த மாதிரி ரோட்டில்தான் மீட்டருக்கு மாற்று இல்லை. ஏற்றமும் சமதளமும் கலந்து நாள்கணக்கில் ஓடும் ஓட்டங்களிலும் அது கைகொடுக்கும். 2008இலிருந்து நடக்கும் டூர் ஆஃப் நீலகிரிஸ் அப்படிப்பட்ட ஒன்று. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டியின் 36 வளைவுகளில் முதல் நாலைந்திலேயே தொட்டியைக் காலி செய்தவர்களைச் சாலையோரத்தில் பார்க்கலாம்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது இதுதான். நீ வாரத்துக்கு நாலு நாள் ஒழுங்காக ஓட்டாதவரை இந்த மீட்டர் உன்னை வேகமாக்காது. ஓட்டுகிறாய் என்றால், உன் சைக்கிள் உன் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார், நல்ல டயர் போடு, வேளைக்குச் சாப்பிடு, தூங்கு. இவ்வளவும் சரியாக இருந்து, இன்னும் இரண்டு சதவீதத்துக்காக ஏங்குகிற நிலை வந்தால் மீட்டர் பேசட்டும். வாங்கியாகிவிட்டது என்பதால் ஒன்று செய்: மலையில் அதை வேகம் கூட்டப் பயன்படுத்தாதே, குறைக்கப் பயன்படுத்து. முதல் ஒன்பது வளைவுக்கு 240ஐத் தாண்டாதே.

அடுத்த மாதம் அவன் இறங்காமல் திம்பம் போய்ச் சேர்ந்தான். அன்று மீட்டரின் பேட்டரி ஐந்தாவது வளைவிலேயே தீர்ந்துவிட்டது என்பதையும் அவனேதான் சொன்னான்.

நீங்களும் போவதாக இருந்தால் ஒரு வார்த்தை. 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பிறகு கிளம்புங்கள், தனியாகப் போகாதீர்கள். யானை ரோட்டில் நின்றால் கடிகாரத்தை நிறுத்திவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அன்றைய நேரம் கணக்கில் சேராது.